29 தளங்கள் ஒரே வரியான கதை: கிருஷ்ணகிரியில் ஒரு பேக்லிங்க் பட்டியலைச் சரிபார்த்த நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் கடைசி வாரம். காவேரிப்பட்டணம் போகும் சாலையில் மாங்கூழ் ஆலை நடத்தும் ஒருவர் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரே அறை, நாங்கள் மூன்று பேர். சுற்றுவட்டாரச் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் செய்து கொடுத்து, கூகுள் தேடலில் தெரியும்படி பார்த்துக்கொள்வதுதான் தொழில். அவருடைய தளத்தையும் இரண்டு வருடம் முன்பு நாங்கள்தான் புதுப்பித்தோம்.

போனில் ஒரு ஷீட்டைத் திறந்து நீட்டினார். 185 இணையதள முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘டிஏ’, அதாவது டொமைன் அத்தாரிட்டி, என்று ஓர் எண், அடுத்த கட்டத்தில் விலை. இந்தத் தளங்களில் அவருடைய ஆலையின் தளத்துக்கு இணைப்பு, அதாவது பேக்லிங்க், வைத்துத் தருவதாக ஒருவர் பேசியிருக்கிறார். சராசரி டிஏ 48 என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“தம்பி, எல்லாம் பவர் உள்ள சைட்டுனு சொல்றாங்க. ஜூன் வந்தா பெங்களூரா காய் இறங்கிடும், அதுக்கப்புறம் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. வாங்கலாமா, வேணாமா? அதை மட்டும் சொல்லு.”

தோத்தாபுரியை எங்கள் பக்கம் பெங்களூரா என்றுதான் சொல்வோம். கூழ் ஆலைகளுக்கு அந்தக் காய்தான் சோறு போடுகிறது. அது இறங்குவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். விற்க வந்தவரின் பட்டியலைவிட நாங்கள் செய்த தவறு ஒன்றுதான் இதில் பெரிய பாடமாக அமைந்தது. அதனால் அதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

அந்த எண் என்ன எண்

டொமைன் அத்தாரிட்டி என்பது மாஸ் (Moz) நிறுவனம் கணக்கிடும் மதிப்பெண். 1 முதல் 100 வரை. ஒரு தளத்துக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வைத்து, அது தேடல் முடிவுகளில் மேலே வர எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று ஊகிக்கிறது. 2019 மார்ச்சில் அதன் கணக்கு முறையையே மாற்றி, நரம்பணு வலையமைப்பு கொண்ட மாதிரிக்குப் போனார்கள். ஏஹெச்ரெஃப்ஸ் நிறுவனத்தின் டொமைன் ரேட்டிங் 0 முதல் 100 வரை, அது இணைப்புகளை மட்டும் பார்க்கிறது. மெஜஸ்டிக்கில் டிரஸ்ட் ஃப்ளோ, சைட்டேஷன் ஃப்ளோ என்று இரண்டு. செம்ரஷ்ஷில் அத்தாரிட்டி ஸ்கோர். பெயரைப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம் போலத் தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் சொந்த ஊர்வான்கள் (இணையப் பக்கங்களைச் சுற்றிப் படிக்கும் நிரல்கள்) திரட்டிய இணைப்புக் கிடங்கை வைத்துக்கொண்டு, தங்கள் சொந்தக் கணக்கைப் போடுகிறார்கள். ஒரே தளத்துக்கு ஒன்றில் 30, இன்னொன்றில் 8 வந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடாது.

இவற்றில் எதுவும் கூகுளின் எண் இல்லை. தரவரிசைப்படுத்த டொமைன் அத்தாரிட்டியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் தரப்பிலிருந்து பலமுறை சொல்லிவிட்டார்கள். கூகுள் பக்கங்களுக்குத் தந்த பேஜ்ரேங்க் என்ற மதிப்பெண் ஒரு காலத்தில் டூல்பாரில் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதை வைத்தே இணைப்பு வியாபாரம் நடந்தது. 2016-இல் அதை வெளியே காட்டுவதை முற்றிலும் நிறுத்தினார்கள். வியாபாரம் நிற்கவில்லை, விலைச்சீட்டில் இருந்த எண் மட்டும் மாறியது.

சராசரி 48 என்ற எழுத்தைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. இந்த அளவுகோல் மடக்கை முறையில் போகிறது. 20-லிருந்து 30-க்குப் போவதைவிட 70-லிருந்து 80-க்குப் போவது பல மடங்கு கடினம். அப்படிப்பட்ட எண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி போட்டால் கிடைப்பதற்குப் பொருளே இல்லை. ஒரு 95 உள்ளே நுழைந்தால் சுமாரான பத்துத் தளங்களை மறைத்துவிடும். சரி, முதலில் ஒவ்வொரு எண்ணும் உண்மையா என்று பார்ப்போம் என்று தொடங்கினோம்.

இழுத்த விதம்

185 முகவரிகளைக் கையால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க முடியாது. ஏபிஐ, அதாவது நிரல் நேராகக் கேட்டுப் பதில் வாங்கும் வாசல், வழியாகத்தான் எடுக்க வேண்டும். மாஸின் லிங்க்ஸ் ஏபிஐயில் இதற்கென்று யூஆர்எல் மெட்ரிக்ஸ் என்ற வாசல் இருக்கிறது. அணுகு அடையாளத்தையும் ரகசியச் சாவியையும் கொடுத்து, ஜேசன் வடிவில் இலக்குகளின் பட்டியலை போஸ்ட் செய்தால், ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு வரி பதில் வரும். ஒரு தடவைக்கு 50 இலக்கு வரை அனுப்பலாம். டொமைன் அத்தாரிட்டி, பேஜ் அத்தாரிட்டி, ஸ்பேம் ஸ்கோர், அந்த மூல டொமைனுக்கு (தளத்தின் அடிப்படைப் பெயருக்கு) எத்தனை வேறு மூல டொமைன்களிலிருந்து இணைப்பு வருகிறது, கடைசியாக ஊர்ந்த தேதி, அப்போது அந்தப் பக்கம் தந்த எச்டிடிபி குறியீடு எல்லாம் அந்த வரியிலேயே இருக்கும். எத்தனை வரி எடுக்கிறோமோ அத்தனை கணக்கில் கழியும்.

அந்தக் கழிவில்தான் முதல் அடி வாங்கினோம். அவசரத்தில் கூகுள் ஷீட்டிலேயே ஒரு தனிச் சார்பு எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் அதைப் போட்டுவிட்டோம். டிஏ வாரியாக அடுக்கிப் பார்க்கலாமே என்று ஒரு தடவை வரிசை மாற்றினோம். கட்டங்களின் உள்ளீடு மாறியதும் ஷீட் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடக் கிளம்பிவிட்டது. ஒவ்வொரு கட்டமும் மறுபடி ஏபிஐயைத் தட்டியது. ஒரே மாலையில் அந்த மாத ஒதுக்கீட்டில் பாதிக்கு மேல் காலி. கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம்.

அப்புறம் பைத்தானில் ஒரு சிறு ஸ்கிரிப்ட். 50 50-ஆகக் கட்டி அனுப்பும். வந்த பதிலை அப்படியே எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பில் தேதியோடு போட்டு வைக்கும். 30 நாளுக்குள் எடுத்த முகவரி என்றால் வெளியே போகாது, கிடங்கிலிருந்தே தரும். 429 என்று பதில் வந்தால், அதாவது வேகம் அதிகம் என்று ஏபிஐ சொன்னால், 1 விநாடி, 2 விநாடி, 4 விநாடி என்று இரட்டித்துக் காத்திருந்து மறுபடி கேட்கும். ரகசியச் சாவியை ஸ்கிரிப்டுக்குள் எழுதாமல் கணினியின் சூழல் மாறியில் வைத்தோம். ஷீட்டில் வைத்திருந்தபோது அதைத் திறந்த எல்லோருக்கும் சாவி தெரிந்தது. உடனே பழைய சாவியை ரத்து செய்து புதிது வாங்கினோம்.

இரண்டாவது சாட்சியாக ஓப்பன் பேஜ்ரேங்க் என்ற இலவச ஏபிஐயையும் சேர்த்துக்கொண்டோம். காமன் கிரால் திரட்டிய பொதுத் தரவை வைத்து 0 முதல் 10 வரை மதிப்புத் தருகிறது, ஒரு தடவைக்கு 100 டொமைன் வரை கேட்கலாம். அதில் கவனிக்க ஒன்று உண்டு. மொத்தக் கோரிக்கைக்கு 200 என்று வெற்றிக் குறியீடு வந்தாலும், உள்ளே ஒவ்வொரு வரிக்கும் தனிக் குறியீடு இருக்கிறது. அந்த டொமைன் அவர்கள் கிடங்கில் இல்லையென்றால் அந்த வரி மட்டும் 404, அதாவது கிடைக்கவில்லை, என்று சொல்லும், மதிப்பு இருக்கும் இடத்தில் 0 நிற்கும். வெளிக் குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு அந்த 0-வை எடுத்து எழுதினால், ‘தெரியாது’ என்பதை ‘மதிப்பில்லை’ என்று ஆக்கிவிடுவோம். அட்டவணையில் அந்தக் கட்டங்களை வெற்றாகவே விட்டோம்.

“நம்ம கம்பெனி பேரே இல்லையே”

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக ஆலையின் சொந்தத் தளத்தையும் முதல் வரியில் சேர்த்திருந்தோம். மொத்தம் 186 வரி. ஸ்கிரிப்ட் ஓடி முடித்து அட்டவணை தந்தது. விற்பவர் எழுதியிருந்த எண்களுக்கும் எங்களுக்கு வந்த எண்களுக்கும் பெரும்பாலும் இரண்டு மூன்று புள்ளிதான் வித்தியாசம். 90-க்கு மேல் என்று அவர் போட்டிருந்த 11 தளங்களுக்கு எங்களுக்கும் 90-க்கு மேல்தான் வந்தது. பட்டியல் நேர்மையானதுதான் போலிருக்கிறது என்று நானே நினைத்தேன். அச்செடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். இரண்டாவது தாளும் முடிந்ததும் நிமிர்ந்தார்.

“தம்பி, நம்ம கம்பெனி பேரே இதுல இல்லையே.”

இல்லை. முதல் வரியில் இருக்க வேண்டிய தளம் எங்கேயும் இல்லை. அங்கேயே வரிகளை எண்ணினேன். 186 போட்டேன், 134 இருந்தது.

அலுவலகம் திரும்பி ஸ்கிரிப்டைத் திறந்தோம். ஒரே தளம் இரண்டு முறை கேட்கப்படாமல் இருக்க, முகவரியிலிருந்து மூல டொமைனை எடுத்து நகல்களை நீக்கும் வரி ஒன்றை எழுதியிருந்தோம். முகவரியைப் புள்ளிகளில் வெட்டி, கடைசி இரண்டு துண்டை எடுத்துக்கொள்ளும். காம் என்று முடியும் முகவரிக்கு அது சரி. ஆனால் ஆலையின் தளம் கோ.இன் என்று முடிகிறது. கடைசி இரண்டு துண்டு என்றால் கோ, இன். கம்பெனியின் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் பின்னொட்டைப் பிடித்துக்கொண்டது. பட்டியலில் இருந்த 29 கோ.இன் தளங்களும் ஒரே வரியாகச் சுருங்கின. ஓஆர்ஜி.இன் ஐந்து ஒன்றானது, காம்.ஏயு நான்கு ஒன்றானது.

இதைவிட மோசம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அந்த 90-க்கு மேற்பட்ட 11 தளங்களும் பிளாக்ஸ்பாட்டில் யாரோ இலவசமாகத் திறந்த வலைப்பதிவுகள். கடைசி இரண்டு துண்டு என்று வெட்டியதும் பதினொன்றும் பிளாக்ஸ்பாட்.காம் ஆகிவிட்டன. உலகம் முழுக்க இணைப்பு வாங்கி வைத்திருக்கும் அந்தப் பெரிய வீட்டின் மதிப்பு, அதில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்துவிட்டது. விற்பவரும் அதே மாதிரிதான் எடுத்திருக்கிறார். அவர் பிழையும் எங்கள் பிழையும் ஒரே பிழை. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போயின, நானும் அதைச் சரிபார்ப்பு என்று நம்பிவிட்டேன். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆலைக்காரர் தன் பெயரைத் தேடியிருக்காவிட்டால், வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன்.

திருத்துவது எளிது. எந்தெந்தப் பின்னொட்டுக்குக் கீழே ஆட்கள் நேரடியாகப் பெயர் பதியலாம் என்று பொதுப் பின்னொட்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. மொசில்லா தொடங்கியது, தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். கோ.இன், ஓஆர்ஜி.இன், காம்.ஏயு எல்லாம் அதில் உண்டு. பைத்தானில் அதைப் படித்து முகவரியைப் பிரித்துத் தர டிஎல்டி எக்ஸ்டிராக்ட் என்ற நூலகம் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு இரண்டு பகுதி. முதல் பகுதி அதிகாரப்பூர்வப் பின்னொட்டுகள். இரண்டாவது, கிட்ஹப்.ஐஓ மாதிரி, தங்களுக்குக் கீழே மற்றவர்களுக்கு இடம் கொடுக்கும் தனியார் டொமைன்கள். நூலகம் தானாக முதல் பகுதியை மட்டும்தான் பார்க்கும், இரண்டாவது வேண்டுமென்றால் நாம் கேட்க வேண்டும். எங்களுக்கு அதுவும் போதவில்லை என்பதால், இலவச வலைப்பதிவுச் சேவைகளின் பெயர்களைத் தனியே ஒரு கோப்பில் வைத்துக்கொண்டோம். அந்தப் பெயர் வந்தால் முழு முகவரியையும் வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அட்டவணையில் ‘வாடகை வீடு’ என்று ஒரு குறி விழும்.

திருத்தியதும் 179 வரி வந்தது. மிச்சம் ஏழும் டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளதும் இல்லாததுமாக இரண்டு முறை எழுதப்பட்ட உண்மையான நகல்கள். அதே வேகத்தில் .இந்தியா என்று முடியும் தமிழ் முகவரி ஒன்றையும் போட்டுப் பார்த்தோம். இந்தப் பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை, ஆனால் நாளைக்கு வரும். தமிழெழுத்து முகவரியைப் பியூனிகோடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பதை அன்றே ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டோம்.

ஆலையின் சோதனை அறையில்

திருத்திய அட்டவணையோடு மறுபடி போனபோது, அவர் சோதனை அறையில் இருந்தார். போன வருடக் கூழின் மாதிரி ஒன்று வந்திருந்தது. கூழின் சர்க்கரை அளவை, அதாவது பிரிக்ஸை, காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தார். கூழைத் தொடுவதற்கு முன்னால், பட்டகத்தின் மேல் காய்ச்சி வடித்த நீர் இரண்டு சொட்டு விட்டு, மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, திருகைக் கொஞ்சம் அசைத்து, துணியால் துடைத்தார். பிறகுதான் கூழ். 14-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. “பிரிக்ஸ் சரியா இருக்கு”, என்று சொல்லிவிட்டு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது. நாங்கள் பூஜ்யம் பார்க்காமலே கூழை ஊற்றியிருக்கிறோம்.

அன்றிலிருந்து எங்கள் ஸ்கிரிப்ட் எந்தப் பட்டியலைத் தொடுவதற்கு முன்பும், பதில் ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்த ஐந்து முகவரிகளை ஓட்டிப் பார்க்கிறது. விக்கிப்பீடியா ஒன்று, மிக உயரத்தில் வர வேண்டும். நாங்களே போன மாதம் பதிந்த வெற்றுத் தளம் ஒன்று, அடிமட்டத்தில் வர வேண்டும், மாஸில் புதுத் தளத்துக்கு 1 என்றுதான் தொடங்கும். கோ.இன் ஒன்று, தன் முழுப்பெயரோடு திரும்ப வர வேண்டும். வாடகை வீடு ஒன்று, குறியோடு வர வேண்டும். இல்லவே இல்லாத முகவரி ஒன்று, வெற்றாக வர வேண்டும். ஐந்தில் ஒன்று பிசகினாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். போன வரிக்கும் வந்த வரிக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டாலும் நின்றுவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஐந்து வரி செலவு. அந்தச் செலவை நான் மறுபேச்சில்லாமல் கொடுப்பேன்.

179-இல் என்ன இருந்தது

பிழை நீங்கிய பிறகு பட்டியலின் உண்மையான முகம் தெரிந்தது. 11 வாடகை வீடுகளையும் முதலில் தள்ளினோம். ஸ்பேம் ஸ்கோர் 60-ஐத் தாண்டியவை அடுத்து. அந்த மதிப்பு ஒரு தளம் கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. அதே போன்ற அறிகுறிகள் கொண்ட தளங்களில் எத்தனை சதவீதத்தைக் கூகுள் தண்டித்தது அல்லது நீக்கியது என்று மாஸ் கண்டதைச் சொல்கிறது. அதனால் எண்ணைப் பார்த்து உடனே வெட்டாமல் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தோம். பெரும்பாலானவற்றில் சூதாட்டம், கடன் செயலி, எடைக்குறைப்பு மருந்து என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத கட்டுரைகள்தான் இருந்தன.

நடுவில் ஒரு தளம் எங்களை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தது. டிஏ 50-க்கு மேல், ஸ்பேம் ஸ்கோர் குறைவு, பார்க்கச் சுத்தமாக உணவுக் குறிப்புகள். ஆனால் அதற்கு வரும் இணைப்புகளில் இருந்த சொற்கள் எல்லாம் ஓர் இசைக்குழுவைப் பற்றியவை. இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்தோம். முன்பு அது ஒரு வெளிநாட்டு இசைக்குழுவின் தளம். அவர்கள் புதுப்பிக்காமல் விட்ட பெயரை யாரோ வாங்கி, பழைய மரியாதையை அப்படியே எடுத்துக்கொண்டு கடை விரித்திருக்கிறார்கள். காலாவதியான டொமைனை இப்படிப் பயன்படுத்துவதை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் கொள்கையில் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. ஏபிஐ தந்த எண்ணில் ஒரு குறையும் இல்லை. இசைக்குழு சம்பாதித்த மதிப்பு அது, சரியாகத்தான் வந்தது. மாங்கூழ் வாங்குகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

கடைசியில் உணவு, பழம், ஏற்றுமதி என்று ஏதோ ஒரு வகையில் சம்பந்தம் உள்ளவை 14 நின்றன. அவற்றிலும் இணைப்பைக் காசுக்கு விற்பதுதான் பேச்சு. காசு கொடுத்து வைக்கும் இணைப்புக்கு ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ என்ற குறி போட வேண்டும், ஸ்பான்சர்டு குறி 2019 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. போட்டால் விளம்பரமாக இருக்கலாம், தரவரிசைக்கு வலுச் சேர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குறி போடாமல் வைத்தால் கூகுளின் விதியை மீறியதாகும். விற்பவரிடம் கேட்டோம். குறி போட மாட்டோம் என்றார். பேச்சு அங்கேயே முடிந்தது.

வாங்க வேண்டாம் என்று ஆலைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்டது அந்த ஒரு பதில்தான். ஆனால் முதல் வரியில் இருந்த அவர் தளத்தின் விவரம் என்னை விடவில்லை.

அவர் தளத்துக்கு இணைப்பு தந்த மூல டொமைன்கள் கையளவுதான். அவை எந்தப் பக்கத்துக்கு வருகின்றன என்று பார்த்தபோது, அவற்றில் நல்ல மூன்று ஒரே பிடிஎஃப் கோப்பைச் சுட்டின. தோத்தாபுரிக் கூழின் விவரத்தாள் அது. பிரிக்ஸ், அமிலத்தன்மை, 215 கிலோ டிரம் பேக்கிங், வைத்திருக்கும் காலம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். வெளிநாட்டுச் சாறு தயாரிப்பாளர் ஒருவரும், பழக்கூழ் தரகர்கள் இருவரும் யாரும் கேட்காமல் தங்கள் தளத்தில் அதற்கு இணைப்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பின் எச்டிடிபி குறியீட்டுக் கட்டத்தில் 404 என்று நின்றது. இரண்டு வருடம் முன்பு தளத்தைப் புதுப்பித்தபோது, பழைய கோப்புகள் என்று அந்த அடுக்கையே நாங்கள் நீக்கியிருந்தோம்.

அவரிடம் நேராகச் சொன்னேன். “அண்ணா, இது எங்க தப்பு. ரெண்டு வருஷமா அந்த லிங்க்கைத் தொட்டவங்க எல்லாம் வெறும் பக்கத்தைத்தான் பார்த்திருக்காங்க.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து, இந்த வருடப் பரிசோதனை முடிவோடு சேர்த்துப் புது விவரத்தாளை எடுத்துக் கொடுத்தார். “பழைய அட்ரஸ்லயே போட முடியுமா?”

அன்று மாலையே பழைய முகவரியிலேயே புதுத் தாளை ஏற்றினோம். அல்போன்சா, செந்தூரா கூழ் விவரத்தாள்களுக்கும் பழைய முகவரிகளைத் தேடியெடுத்து 301 என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் இப்போதைய பக்கங்களுக்குத் திருப்பினோம். இப்போது மாதம் ஒரு முறை ஸ்கிரிப்ட் ஓடுகிறது, முன்னால் அந்த ஐந்து, பின்னால் பட்டியல், அதோடு விவரத்தாளின் முகவரி. ஆகஸ்டில் எடுத்த ஓட்டத்தில் விவரத்தாளின் வரியில் ஊர்ந்த தேதி புதிதாக மாறியிருந்தது. குறியீட்டுக் கட்டத்தில் 404 போய் 200 வந்திருந்தது. அச்செடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். வாசலில் காய் லாரிகள் வரிசையாக நின்றன. அவர் எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே தாளை வாங்கி, முதலில் தன் கம்பெனி பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடினார்.